டாக்டர், நீங்கள் இறந்துவிட்டீர்கள்

தெருவில் அவனுக்கு முத்திரை என்று பெயர். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவது அவன் உத்தியோகம். உத்தியோகத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வீட்டில் டீ ஊற்றினால்கூட நாலு டம்ளரையும் வரிசையாக வைத்து, குனிந்து, கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து சரிபார்க்கிற ஆள். பொய் சொல்ல வராது அவனுக்கு. பெருமைக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே அந்தப் பழக்கம் கைவரவில்லை. மனைவி புதுச் சட்டை போட்டுக்கொண்டு "நல்லா இருக்கா?" என்று கேட்டால் பதில் சொல்லப் பயந்து பக்கத்து அறைக்கு ஓடிவிடுவான்.

அந்த மனைவி லேசுப்பட்டவள் இல்லை. விமானக் கம்பெனியின் டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்து, வருகிறவனிடமெல்லாம் "ஜன்னல் சீட்டா, நடு சீட்டா?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஒருநாள் விமானத்தையே ஓட்டிவிடுவது என்று கிளம்பியவள். படித்தாள், தேர்வுகள் எழுதினாள், துணை விமானி ஆவதற்குக் கடைசிப் படி வரைக்கும் ஏறிவிட்டாள். அந்தக் கடைசிப் படியில்தான் சறுக்கல். பக்கவாட்டில் காற்று அடிக்கும்போது விமானத்தை ஓடுபாதையில் நேராக இறக்கிக் காட்ட வேண்டும். நிஜ விமானம் இல்லை, பயிற்சி மையத்தில் விமானம் மாதிரியே ஆடுகிற ஒரு பெரிய பெட்டி. அவள் அதை ஓடுபாதைக்குப் பக்கத்துப் புல்தரையில் கொண்டுபோய்ச் சொருகிவிட்டாள். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு கொடுத்திருந்தார்கள். அதிலும் விழுந்தால் மறுபடி கவுன்ட்டர்தான்.

"வீட்ல உட்கார்ந்து பழகுறதுக்கு சாஃப்ட்வேர் இருக்காம். புதுசு வாங்குறதெல்லாம் நம்மால ஆகாது" என்றாள்.

"பழசு வாங்கினா என்ன? பழைய தராசு எவ்வளவோ பார்த்திருக்கேன். புதுசைவிட யோக்கியமா இருக்கும்" என்றான் முத்திரை. அன்றைக்கு அவன் வாயை யாராவது தைத்திருக்கலாம்.

விளம்பரம் பார்த்துப் போன இடம் ஒரு பல் ஆஸ்பத்திரி. கீழே ஆஸ்பத்திரி, மாடியில் டாக்டர் குடியிருப்பு. அறுபது வயதிருக்கும், கல்யாணம் ஆகாதவர், தனி ஆள். சுவரெல்லாம் ஈரம் ஏறிப் பூச்சு உதிர்ந்து கிடந்தது. பெட்டியைத் துடைத்து மேசை மேல் வைத்தார்.

"தம்பி, ஒரே ஒரு தடவைதான் உபயோகிச்சேன். எனக்கு விமானம்னா பயம். ஏணியில ஏறினாலே தலை சுத்தும். இதுல பழகினா பயம் தெளியும்னு ஒருத்தன் சொன்னான். வாங்கினேன், உட்கார்ந்தேன், மேல கிளம்பிச்சு. அப்புறம் கண்ணு முழிச்சப்போ கம்பவுண்டர் மூஞ்சியில தண்ணி தெளிச்சிட்டு இருந்தான்."

இவ்வளவு உண்மையாகப் பேசுகிற ஆளிடம் எதையும் வாங்கலாம் என்று முத்திரைக்குப் பட்டது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

வீட்டில் கணினி வேலையெல்லாம் மச்சினன் பொறுப்பு. மனைவியின் தம்பி, கணினி பழுதுபார்க்கிற கடை வைத்திருக்கிறான், சாப்பாட்டு வேளைக்கு மட்டும் தவறாமல் வருவான். அவன் பெட்டியைப் பிரித்து, கட்டுப்பாட்டுக் கோலையும் கால் மிதிகளையும் பொருத்தி, கட்டைவிரல் நீளத்தில், விரல் ரேகை பார்க்கிற கண்ணாடி வைத்த ஒரு சாவிக் குச்சியைச் செருகினான். திரை ஒளிர்ந்தது. "வாருங்கள் டாக்டர். தங்கள் விரலை வையுங்கள்" என்றது.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொருவராக விரலை வைத்துப் பார்த்தார்கள். அது அசையவில்லை. வாங்கியவரின் கட்டைவிரல் வந்தால்தான் ஆச்சு என்று நின்றது.

"விடுங்க மாமா. அரைமணி நேர வேலை, பூட்டை உடைச்சிடலாம்" என்றான் மச்சினன்.

"எடைக்கல்லுக்கு அடியில ஓட்டை போடுறதும் அரைமணி நேர வேலைதான் மச்சான். அதுக்குத்தான் நான் கடைக்காரன் சட்டையைப் பிடிக்கிறேன்."

"ஊர்ல எவன் மாமா இதெல்லாம் பார்க்கிறான்?"

"நான் பார்க்கிறேன்ல" என்றான் முத்திரை. சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போன் போட்டான். வெகுநேரம் இசை கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள். உரிமத்தைப் பெயர் மாற்ற முடியாது என்றாள். வாங்கியவர் உபயோகிக்கலாம், அவர் தலைமையில் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சாப்பிடுகிற குடும்பத்தார் உபயோகிக்கலாம். கால் மணிக்கொரு தரம் வாங்கியவர் விரல் வைக்க வேண்டும். அவ்வளவுதான் சார், வேறு உதவி வேண்டுமா?

வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். முத்திரையின் முகம் மலர்ந்தது. விதி இருக்கிறது. விதி இருந்தால் அதன்படி நடக்கலாம், நடந்தால் தப்பில்லை. அவன் மூளை அப்படித்தான் ஓடும். அன்று மாலையே பல் டாக்டரைப் பெட்டி படுக்கையோடு அழைத்து வந்து நடுக்கூடத்தில் நிறுத்தினான்.

மனைவி அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்த, சாய்க்கிற, உயர்த்துகிற, தலைக்கு மேல் விளக்கு வைத்த பழைய பல் நாற்காலியைப் பார்த்தாள். அதில் சாய்ந்தால்தான் அவருக்குத் தூக்கம் வருமாம்.

"என்னங்க, ஒரு சாஃப்ட்வேர் வாங்கப் போய் ஒரு ஆளையே வாங்கிட்டு வந்துட்டீங்களே."

"டாக்டர் வீட்டுச் சுவர்லாம் சுரண்டிப் பெயின்ட் அடிக்கிறாங்க. அவருக்கும் தங்க இடம் வேணும். இன்னியிலேர்ந்து இவர்தான் நம்ம குடும்பத் தலைவர்."

"அப்போ நீங்க?"

"நான் உறுப்பினர்" என்றான் முத்திரை, கொஞ்சமும் கூசாமல்.

பல் டாக்டர், வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத மனுஷர் என்றுதான் முதல் இரண்டு நாள் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் ஒரு பொறுப்பைக் கொடுத்தால் சிலர் அதை நிஜமாகவே எடுத்துக்கொள்வார்கள். சாப்பாட்டு மேசையில் முத்திரையின் நாற்காலி கைமாறியது. ராத்திரி பல் தேய்க்காமல் யாரும் படுக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. மச்சினன் சாப்பிட வருகிற நேரத்தைக் கேட்டு, "தினமும் வர்றவன் ஒருநாளாவது காய்கறி வாங்கிட்டு வரலாம்ல?" என்றார். இத்தனை வருஷம் முத்திரை கேட்க நினைத்துக் கேட்காத கேள்வி அது. மறுநாள் மச்சினன் பையோடு வந்தான். சர்க்கரை டப்பாவும் காணாமல் போனது. முத்திரை வீடு முழுக்கத் தேடினான், கிடைக்கவில்லை. குடும்பத் தலைவரைத் தட்டிக் கேட்கலாமா என்று யோசித்தான். விதியில் இடமில்லை. சர்க்கரை இல்லாத டீயைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனான்.

பயிற்சி பல் நாற்காலியில் நடந்தது. விமானி இருக்கைக்கு அதைவிடப் பொருத்தமானது வீட்டில் இல்லை. மனைவி அதில் உட்கார்ந்து கோலைப் பிடிப்பாள். பக்கத்தில் ஒரு ஸ்டூலில் டாக்டர், கண்களை இறுக மூடிக்கொண்டு, கட்டைவிரலை மட்டும் நீட்டிக்கொண்டு. விமானம் கிளம்பும்போதே அவருக்கு வியர்த்து ஊற்றும். பக்கக் காற்று அடித்து இறக்கை சாயும்போது "அம்மா, பார்த்தும்மா, பார்த்தும்மா" என்று முனகுவார். அவள் இறக்குவாள். விமானம் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்துபோய்ப் புல்லில் குத்தும். திரை சிவந்து எழுத்து வரும்: டாக்டர், நீங்கள் இறந்துவிட்டீர்கள். மறுபடி முயலலாமா?

அது ஒவ்வொரு தடவையும் உரிமம் வாங்கியவர் பெயரில்தான் சாவை அறிவித்தது. அவள் எத்தனை முறை குத்தினாளோ அத்தனை முறை அவர் இறந்தார். முதல் நாள் பேயறைந்த மாதிரி எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். ஆனால் திரும்பி வந்து உட்கார்ந்தார். அதைத்தான் சொல்ல வேண்டும். ஏணியில் ஏறப் பயப்படுகிற மனுஷர், ஒவ்வொரு சாயங்காலமும் தன் சாவைத் தானே வாசித்துவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா, இன்னொரு தடவை போலாம்" என்று விரலை நீட்டினார்.

முத்திரை இதையெல்லாம் கதவோரம் நின்று பார்த்தான். பார்த்தானே தவிர எடை போட்டுப் பார்க்கவில்லை. அவனுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: விதி மீறப்படவில்லை.

தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து போன் வந்தது. விலாசம் மாறியிருக்கிறது, குடும்பம் உண்மைதானா என்று நேரில் பார்க்க நாளைக் காலையில் ஓர் அதிகாரி வருகிறார்.

"பெரியப்பான்னு சொல்லிடுவோம்" என்றாள் மனைவி.

"யாரோட அண்ணன்? எந்த வழியில பெரியப்பா?" என்றான் முத்திரை.

"உங்களை யாரும் பொய் சொல்லச் சொல்லலை. நீங்க வாயைத் திறக்காம இருந்தா போதும். இப்போ இதைப் பிடுங்கிட்டாங்கன்னா எனக்குப் பழக வேற வழி இல்லை. காத்துல நேரா இறக்குறது இப்பத்தான் கைக்கு வர்ற மாதிரி இருக்கு. நாளைக்கு ஒருநாள் பழகிட்டேன்னா பிடிச்சிடுவேன். கெடுத்துடாதீங்க."

முத்திரை தலையாட்டினான். வாயைத் திறக்காமல் இருப்பது பொய்யில் சேராது என்று மனசுக்குள் இரண்டு தரம் நிறுத்துப் பார்த்துக்கொண்டான்.

அதிகாரி ஒல்லியான ஆள், தோளில் பை. வந்ததும் பேசவில்லை. பல் தேய்க்கும் பிரஷ்களை ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். செருப்புகளைப் புரட்டினார். அடுப்பைத் தடவினார். ஆணியில் தொங்கிய முத்திரையின் உத்தியோக அட்டையைப் படித்தார். முத்திரைக்கு அந்தக் கலவரத்திலும் அவர் மேல் மதிப்பு வந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள், நம்ம ஜாதி என்று நினைத்துக்கொண்டான். பிறகு அதிகாரி உட்கார்ந்து டாக்டரைக் காட்டிக் கேட்டார்.

"இவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"பெரியப்பா" என்றாள் மனைவி. அதே நொடியில் "சித்தப்பா" என்றான் மச்சினன். ஒரு வேலையும் உருப்படியாகச் செய்யமாட்டான் அந்தப் பயல்.

அதிகாரி சிரிக்கவில்லை. முத்திரை பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார்."

மனைவி அவனைப் பார்த்தாள். மச்சினன் பார்த்தான். டாக்டரும் பார்த்தார், லேசாகச் சிரித்துக்கொண்டு, ஏதோ நல்லது கேட்கப் போகிறவர் மாதிரி. முத்திரை உதட்டைக் கடித்தான். காது சூடானது. எத்தனையோ கடைக்காரர்களை இதே மாதிரி உட்காரவைத்து, "உண்மையைச் சொல்லிடு" என்று அவன் கேட்டிருக்கிறான். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"பல் டாக்டர். உறவெல்லாம் இல்லை. பழைய சாஃப்ட்வேர் வித்தார், வாங்கினேன். லைசென்ஸுக்காகத் தங்கியிருக்கார்."

மனைவி அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். ஆனால் முதலில் எழுந்தவர் டாக்டர்.

"பல் டாக்டரா?" என்றார். "லைசென்ஸுக்காகவா? தினமும் சாயங்காலம் செத்துச் செத்துப் பிழைக்கிறேனே, எந்த லைசென்ஸுல எழுதியிருக்கு அது?"

"நான் உண்மையைத்தானே..."

"உன் உண்மையைக் கொண்டுபோய்க் குப்பையில போடு" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

அவ்வளவுதான், வீடு ரெண்டுபட்டது. "வயசானவரை இப்படியா பேசுவீங்க?" என்று மனைவி பாய்ந்தாள். "மாமாவுக்கு மனசே கிடையாது, தராசுதான் இருக்கு" என்றான் மச்சினன். "நீ பேசாதே, சித்தப்பாவாம் சித்தப்பா" என்று முத்திரை கத்தினான். கத்திய சூட்டில் இத்தனை நாள் அடக்கி வைத்ததும் வந்துவிட்டது. "என் நாற்காலியைப் பிடுங்கினார், பேசாம இருந்தேன். சர்க்கரை டப்பாவை ஒளிச்சு வச்சார், அதுக்கும் பேசாம இருந்தேன்."

குளியலறைக்குள்ளிருந்து குரல் வந்தது. "உன் கடைவாய்ப் பல்லு ரெண்டு சொத்தை. நீ சிரிக்கும்போது பார்த்தேன். அதான் ஒளிச்சேன். வேற எவன் இருக்கான் உனக்கு அதையெல்லாம் பார்க்க?"

முத்திரையின் நாக்கு தானாகப் போய் அந்தப் பல்லைத் தொட்டது. சொத்தைதான். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது, வேறு வார்த்தை இல்லை.

அதிகாரி இத்தனை நேரமும் எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்துப் பையை மூடினார்.

"குடும்பம்தான். லைசென்ஸ் செல்லும்" என்றார்.

"சார், நான்தான் இல்லைன்னு சொன்னேனே" என்றான் முத்திரை. இந்த இடத்திலாவது சும்மா இருந்திருக்கலாம். இருக்கமாட்டானே.

"எத்தனையோ வீடு பார்த்தாச்சு சார். நடிக்கிறவங்க ஒருத்தரை ஒருத்தர் தாங்கு தாங்குன்னு தாங்குவாங்க. நீங்க டீ எடுத்துக்கோங்க, நீங்க முதல்ல உட்காருங்கன்னு காது புளிச்சுப்போகும். எந்த வீட்லயும் ஒருத்தர் கோவிச்சுக்கிட்டு பாத்ரூம்ல போய்ப் பூட்டிக்கிட்டதில்லை." அவர் எழுந்தார். "நீங்க சொன்னது நீங்க நினைக்கிறது. நான் எழுதினது நான் பார்த்தது. கடைக்காரர் சொல்றதைக் கேட்டா தராசுக்கு முத்திரை குத்துறீங்க?"

அவர் போய்விட்டார். முத்திரை குளியலறைக் கதவு முன்னால் போய் நின்றான். தட்டினான்.

"வெளியே வாங்க டாக்டர்."

"அந்த டாக்டர் இங்க இல்லை."

"அவளுக்குப் பழகணும். நாளைக்குத் தேர்வு."

தாழ் விலகியது. கதவு நாலு விரற்கடை திறந்தது. இடுக்கு வழியாக ஒரு கட்டைவிரல் நீண்டது.

"விரல் மட்டும்தான். அதுவும் அந்தப் பொண்ணுக்காக."

என்ன செய்வது? கணினியைத் தூக்கினார்கள், மேசையைத் தூக்கினார்கள், பல் நாற்காலியை இழுத்து இழுத்துக் குளியலறை வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். மச்சினன் சாவிக் குச்சியை நீளமான வயரில் கோத்துக் கதவிடுக்கில் பிடித்துக்கொண்டு நின்றான். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு கோலைப் பிடித்தாள். காலை முழுக்கப் பறந்தாள். கால் மணிக்கொரு தரம் விரல் வந்தது, அழுத்தியது, உள்ளே போனது. குத்தினாள், மறுபடி கிளம்பினாள். டாக்டர் இறந்தார், மறுபடி இறந்தார்.

மதியம் தாண்டி ஒரு தடவை, காற்று இடப்பக்கம் அடிக்க, மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பிப் பிடித்து, கடைசி நேரத்தில் மிதியை அமுக்கி நேராக்கி இறக்கினாள். சக்கரம் நடுக்கோட்டில் உட்கார்ந்தது. திரை பச்சையானது.

"என்னம்மா போட்டிருக்கு?" என்றது கதவு.

அவள் வாசித்தாள். "டாக்டர், நன்றாகத் தரையிறக்கினீர்கள்."

உள்ளே மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் அவள் தவறவிடவில்லை.

மறுநாள் தேர்வில் பாஸாகிவிட்டாள். ஓடிவந்து முதலில் டாக்டரிடம்தான் சொன்னாள். அவர் அவள் தலையில் கை வைத்தார், மச்சினனைப் பல் தேய்க்கச் சொன்னார், முத்திரையின் பக்கம் திரும்பவில்லை. பெயின்ட் வேலை முடிந்துவிட்டதாம். சாயங்காலமே நாற்காலியைத் தூக்குகிற ஆட்களோடு போய்விட்டார்.

முத்திரை மென்பொருளைக் கணினியிலிருந்து நீக்கினான். குடும்பம் பிரிந்துவிட்டால் உபயோகிக்க உரிமை இல்லை. சாப்பாட்டு மேசையில் தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தான், அது உயரம் குறைந்த மாதிரி இருந்தது. சர்க்கரை டப்பா பல் பொடி வைக்கிற அலமாரியிலேயே கிடைத்தது. திறந்து பார்த்துவிட்டு அங்கேயே வைத்தான்.

"போய்க் கூப்பிடுங்க" என்றாள் மனைவி.

"நீ கூப்பிட்டா வருவார்."

"நானா இல்லைன்னு சொன்னேன்? நீங்கதானே சொன்னீங்க. நீங்கதான் போகணும்."

அவளுடைய முதல் விமானத்துக்கு நாள் குறித்ததும் விமானக் கம்பெனி குடும்பத்தாருக்கென்று சில சீட்டுகள் கொடுத்தது. குடும்பத்தாருக்கு மட்டும் என்று அதில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. முத்திரை அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மென்பொருள் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பல் ஆஸ்பத்திரி மாடிப்படி ஏறினான். புதுப் பெயின்ட் வாசனை அடித்தது. கதவு சாத்தியிருந்தது. தட்டினான்.

"யாரு?" என்றது உள்ளிருந்து குரல்.

சாதாரணக் கேள்வி. அவனுக்கு மட்டும் அது சாதாரணமாக இல்லை. முத்திரை ஆய்வாளர் என்று சொல்லலாம், உண்மை. சாஃப்ட்வேர் வாங்கியவன் என்று சொல்லலாம், அதுவும் உண்மை. இரண்டையும் மனசுக்குள் தூக்கிப் பார்த்தான். இரண்டும் எடை குறைந்தது. இன்னொன்று இருந்தது. அதையும் தூக்கிப் பார்த்தான். ஒரு குறையும் தெரியவில்லை.

"வீட்லேர்ந்து வந்திருக்கேன்" என்றான்.

முத்திரை பெட்டியைக் கை மாற்றிக்கொண்டான்.

"அவளோட முதல் ஃப்ளைட்டு. சீட்டு வந்திருக்கு. நம்ம வீட்டுக்கு மட்டும்."

தாழ்ப்பாளில் கை வைக்கிற சத்தம் கேட்டது.

"ஜன்னல் சீட்டு மட்டும் வேணாம்னு அவகிட்ட சொல்லிடு" என்றார் குடும்பத் தலைவர்.